பரிசுத்தம் என்பது விலகி நிற்பதா?

'ஹாகியோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்குப் 'பிரித்து வைக்கப்பட்டது' என்று பொருள் கூறி, ஆகவே பரிசுத்தவான் என்பவன் மக்களை விட்டு விலகி நிற்பவனே என்று முடிவு கட்டுவோர் உளர். கிறித்தவப் பிரசங்கிகள் சிலரிடம் மட்டுமன்று, அவர்தம் நூல்களைப் புரட்டிவிட்டு வரும் நம்மவர் சிலரிடமும் இப்பேச்சைக் கேட்கிறோம். பாதி உண்மையை முழு உண்மையாக்கும் இவ்வாதத்தை நாம் மறுக்கிறோம்.

சொல்லின் வரலாற்றை நோக்குவோம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் யூத அறிஞர்கள் தம் வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்க்கத் தொடங்கினர். எபிரேயத்தின் 'காதோஷ்' என்பதற்கு நிகர்ச்சொல் வேண்டியிருந்தது. கோயிலுக்குரியதைச் சுட்ட 'ஹியெரோஸ்' எங்கும் வழங்கிற்று. சடங்குத் தூய்மைக்கு 'ஹாக்னோஸ்' இருந்தது. இவ்விரண்டையும் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, அத்துணை வழக்கில்லாத 'ஹாகியோஸ்' என்பதையே அவர்கள் கைக்கொண்டனர். கோயிற்சுவரும் சடங்கு நீரும் தாங்கமாட்டாத பொருளொன்று 'காதோஷி'ல் இருந்தமையே இதற்குக் காரணம் என நாம் கொள்கிறோம்.

அப்பொருள் யாது? லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பரிசுத்தராய் இருக்கவேண்டும் என்ற கட்டளை அங்கே குருமார்க்கு மட்டுமன்று, சபை முழுவதற்கும் இடப்படுகிறது. அதைத் தொடர்ந்து வருவன எவை? வயலின் ஓரத்தை ஏழைக்கு விட்டுவைத்தல், கூலிக்காரனின் கூலியை விடியுமட்டும் நிறுத்திவைக்காதிருத்தல், படியிலும் நிறையிலும் நேர்மை! காட்டுக்குப் போ என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. பவுல் தம் நிருபத்தில் 'ஹாகியோய்' என்றழைத்ததும் துறவியரையன்று. வழக்காடியும் பிணங்கியும் கிடந்த கொரிந்து நகரத்துச் சாமானியரையே.

'காதோஷ்' நமக்கு அந்நியமன்று. 'குத்தூஸ்' என்னும் இறைத் திருநாமமும் 'பைத்துல் முகத்தஸ்' என்னும் பெயரும் அதன் உடன்பிறப்புகளே. 'துவா' என்னும் முகத்தஸான பள்ளத்தாக்கில் மூஸா (அலை) அவர்கள் பாதணிகளைக் கழற்றுமாறு பணிக்கப்பட்டார்களே, அது பிரிவினை அன்றோ எனக் கேட்கலாம். ஆம், பிரிவினைதான். ஆனால் அதே இடத்தில், அதே உரையாடலில், ஃபிர்அவ்னிடம் செல்லுமாறு கட்டளை பிறந்ததை ஏன் மறக்கிறீர்கள்? ஜும்ஆ அத்தியாயம் 'குத்தூஸ்' என்னும் திருநாமத்தோடு தொடங்குகிறது. தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று பிழைப்பைத் தேடுமாறு அதுவே ஏவுகிறது.

எவரிடமிருந்து பிரிந்தோம் என்பதன்று வினா. எவனுக்காகப் பிரிக்கப்பட்டோம் என்பதே வினா. முன்னதை மட்டும் பற்றிக்கொண்டால் பரிசுத்தம் தீட்டாகிவிடும். தீட்டு இந்நாட்டில் மனிதரை என்ன செய்தது என்பதை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

தொழுகை வரிசையில் தோளோடு தோள் நின்றுவிட்டு, வெளியே வந்ததும் குலமும் தொழிலும் பார்த்து ஒதுங்குகிறவனும், உளூவைப் பேணிவிட்டு வேலையாளின் கூலியை இழுத்தடிக்கிறவனும் எந்த மொழியில் தம்மைப் பரிசுத்தர் என்று சொல்லிக்கொள்வார்கள்? எபிரேயத்தில் இடமில்லை, கிரேக்கத்தில் இடமில்லை, அரபியில் அறவே இடமில்லை. தமிழில் மட்டும் அவர்களுக்கு நாம் ஏன் இடம் கொடுக்கவேண்டும்?