கிலோமீட்டருக்கு இரண்டரை விநாடி



என் மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் ஒட்டியிருக்கிறேன். உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1967 ஏப்ரல் 19, பாஸ்டன் மாரத்தான். நெஞ்சில் 261 என்ற எண்ணைக் குத்திக்கொண்டு இருபது வயதுப் பெண் ஒருத்தி ஓடுகிறாள். பெண்களை முறையாகச் சேர்த்துக்கொள்ளாத பந்தயம் என்பதால், கோட்டுப் போட்ட ஒரு பெரியவர் பாய்ந்து வந்து அந்த எண்ணைப் பிய்க்கப் பார்க்கிறார். அவர் பந்தய அதிகாரி ஜாக் செம்பிள். அந்தப் பெண் கேத்ரின் ஸ்விட்சர். கூடவே ஓடிய காதலர் சம்மட்டி எறியும் வீரர். ஒரே இடியில் செம்பிளை ஓரமாகத் தள்ளிவிட்டார். (ஆறு வருடம் கழித்து அதே செம்பிள், அதே பந்தயத்தின் தொடக்கக் கோட்டில், ஸ்விட்சரின் கன்னத்தில் முத்தமிட்டார் என்பது தனிக்கதை.)

படம் உலகத்தையே சுற்றி வந்தது. எனக்குப் பிடித்த கதை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

அன்று ஸ்விட்சர் ஓடி முடிக்க ஏறக்குறைய 4 மணி 20 நிமிடம் ஆனது. எண் இல்லாமலே அதே பந்தயத்தில் ஓடிய பாபி கிப் என்ற பெண் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் முன்பே முடித்திருந்தார். ஸ்விட்சர் துணிச்சல்காரி என்று பேர் வாங்கிவிட்டார், ஓட்டக்காரி என்று இன்னும் வாங்கவில்லை. விடிகாலையில் எழுந்து ஷூ மாட்டிக்கொண்டு கிளம்புவதைப் படம் பிடிக்க எந்தப் பத்திரிகைக்காரரும் வரமாட்டார். எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

1972-இல் பாஸ்டன் பெண்களை முறையாகச் சேர்த்துக்கொண்டபோது அவர் ஓடியது 3 மணி 29 நிமிடம் 51 விநாடி. 1974-இல் 3 மணி 1 நிமிடம் 39 விநாடி. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மூன்று மணி நேரத்துக்குள் வர, 42 கிலோமீட்டரில் ஒவ்வொன்றுக்கும் இரண்டரை விநாடி குறைத்திருந்தால் போதும். ஷூ நாடாவைக் குனிந்து பார்க்கிற நேரம்!

அதே வருடம் நியூயார்க் மாரத்தானில் பெண்களில் முதலாவதாக வந்தார், 3 மணி 7 நிமிடத்தில். பலரும் அத்தோடு நிறுத்தியிருப்பார்கள். அவர் மறுபடி பாஸ்டனுக்குப் போனார். 1975-இல் 2 மணி 51 நிமிடம் 37 விநாடி. இரண்டாவது இடம்தான். நியூயார்க் கோப்பையைவிட இந்த இரண்டாம் இடம்தான் பெரியது என்பேன். ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு ஓடிய பெண், எட்டு வருடத்தில் அதை நான்கு நிமிடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

இவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போடுவதற்குக் காரணம் உண்டு. பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் ஓட வேண்டும் என்று ஐந்து வருடமாக முக்கிக்கொண்டிருக்கிறேன். சென்ற மாதம் 61 நிமிடம் 4 விநாடி. “ஒரு நிமிஷம்தானே சார், விடுங்க” என்றார் எங்கள் லே-அவுட் தம்பி. முந்தின வருடம் 61 நிமிடம் 50 விநாடி என்பது அவருக்குத் தெரியாது. ஒரு வருடத்துச் சம்பாத்தியம் 46 விநாடி.

ஸ்விட்சர் 2017-இல், எழுபது வயதில், அதே 261-ஐக் குத்திக்கொண்டு மறுபடி பாஸ்டனில் ஓடினார். 4 மணி 44 நிமிடம். இருபது வயதில் ஓடியதைவிட 24 நிமிடம்தான் கூடுதல்.

நாளைக் காலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன். இதழ் அச்சுக்குப் போகிற நாள் என்று சாக்கு ஒன்றும் கைவசம் இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்