ஒருவருக்கும் ஓர் இலை

உண்ணும்போது உடன் நால்வர் இருத்தல் வேண்டும் என்பது நம்மவர் வழிவழியாகக் கொண்டுள்ள எண்ணம். கரமனை ஆற்றை அடுத்த தெருக்களிலே தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய நம் முன்னோர் பந்தி பந்தியாக அமர்ந்து உண்டு வாழ்ந்தனர். ஆகவே, இலையின் முன் ஒருவர் தனியே அமர்ந்திருக்கக் கண்டால், ‘ஐயோ பாவம்!’ என்னும் சொல் நம் நாவில் தானே எழுகின்றது. அந்தச் சொல் முற்றும் சரிதானா என்பதை இத்திங்கள் அன்பர்களுடன் சிறிது எண்ணிப் பார்க்க விழைகின்றோம்.

சென்ற ஆண்டு, மகன் பணிபுரியும் டோக்கியோ நகரில் ஒரு திங்கள் தங்கியிருந்தோம். திருவனந்தபுரத்தாருக்கு அந்நகரம் முற்றிலும் அயலூரன்று. 1928-ல் இங்கிருந்து பொறியியல் பயிலக் கியோத்தோவிற்குச் சென்ற ஏ. எம். நாயர் என்பவர், 1949-ல் டோக்கியோவின் கின்ஸாப் பகுதியில் நம் நாட்டு உணவகம் ஒன்றைத் தொடங்கினார். அவர் பெயரால் அது இன்றும் வழங்குகின்றது. நாம் இங்கே கூற வந்ததோ அந்நாட்டார் தம் உணவாகிய ‘ராமென்’ பற்றியது. பெயரைக் கேட்டதும் ஊரிலுள்ள தமக்கையார், ‘இராமன் கடையா? அப்படியானால் தாராளமாகப் போகலாமே!’ என்றார். அவர் நினைத்த அளவுக்கு அது சைவமன்று.

ராமென் என்பது சீன நாட்டிலிருந்து ஜப்பானுக்கு வந்த கோதுமை உணவு. நம் வீட்டுச் சேவையைப் போன்று நீண்ட இழைகளைச் சூடான சாற்றில் இட்டுப் பெரிய கிண்ணத்தில் தருவர். 1910-ல் டோக்கியோவின் அசகுசாவில் தோன்றிய ‘ராய்ராய்கென்’ என்னும் கடை இதனைப் பொதுமக்களிடையே பரப்பிய பழங்கடைகளுள் ஒன்று. சாறு பெரும்பாலும் பன்றி எலும்பு, கோழி, உலர்மீன் ஆகியவற்றால் ஆவது. ஆதலின் நம்மைப் போன்றோர் கண்ட கடையில் நுழைந்துவிடல் இயலாது. நல்வேளையாக, டோக்கியோ இரயில் நிலையத்தின் உள்ளேயே புலால் சிறிதும் சேராத ராமென் கடை ஒன்று உண்டு. ஒரு நண்பகலில் மகன் அலுவலகம் சென்றிருக்க, நாம் தனியே அங்குச் சென்றோம்.

வாயிலில் நின்றபோது உள்ளம் கூசியதை ஒளிப்பானேன்? ‘இந்த வயதில் துணையின்றி வந்திருக்கின்றாரே’ என்று எவரேனும் நோக்குவரோ என அஞ்சினோம். ஒருவரும் நோக்கவில்லை. நமக்கு இருபுறமும் அலுவலகம் செல்லும் ஒரு பெண்மணியும், நம்மினும் மூத்த ஒரு பெரியவரும், ஒரு மாணவனும் தனித்தனியே அமர்ந்து உண்டுகொண்டிருந்தனர். எள்ளை அரைத்து மிளகாய் எண்ணெய் விட்ட சாற்றோடு கிண்ணம் வந்தது. இழைகளை ஓசையெழ உறிஞ்சி உண்பது அங்கே இழுக்கன்று. உண்ணுமுன் ‘பணிவுடன் பெற்றுக்கொள்கிறேன்’ எனும் பொருள்பட ஒரு சொல். உண்டபின் நன்றி தெரிவித்து ஒரு சொல். தனியாக உண்பவரும் அவ்விரண்டையும் சொல்கின்றனர்.

ஃபுகுவோகாவில் தோன்றிய ‘இச்சிரான்’ என்னும் கடைகளில் இதனினும் ஒருபடி மேலே சென்று, ஒவ்வோர் இருக்கைக்கும் இருபுறமும் மரத்தடுப்பு அமைத்திருக்கின்றனர். உண்பவர் சுவை ஒன்றிலேயே மனத்தைச் செலுத்தவேண்டும் என்பது அதன் நோக்கமாம். அங்கே பன்றிச்சாறு ஆதலால் நாம் உட்புகவில்லை.

தனியே வரும் விருந்தினரை ஜப்பானியர் ‘ஒஹிதோரிசமா’ என்பர். ‘சமா’ என்பது தெய்வத்திற்கும் விருந்தினர்க்கும் வழங்கும் மரியாதை விகுதி. ‘ஒற்றையாள்’ என்று நாம் இரங்கும் இடத்தில், ‘தனியராகிய பெரியீர்’ என்று அவர்கள் போற்றுகின்றனர். உவேனோ சிசுகோ என்னும் சமூகவியல் அறிஞர், தனித்து வாழ்வோரின் முதுமையைப் பற்றி 2007-ல் எழுதிய நூலுக்கு இச்சொல்லையே தலைப்பில் அமைத்தார்.

இதனால் ஜப்பானியர் தனிமையின் துயர் அறியாதவர் என்று எண்ணிவிடலாகாது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டு இல்லங்களில் நூற்றுக்கு 38 ஒருவரே வாழும் இல்லங்கள். துணையின்றி உண்ண நேரும் அவலத்தைக் குறிக்கவும் அவர்களிடம் தனிச்சொல் உண்டு. 2005-ல் உணவுக் கல்விக்கெனச் சட்டம் இயற்றி, கூடி உண்பதை ஊக்குவித்து வருகின்றனர். 2012-ல் டோக்கியோவின் ஓத்தா வட்டத்தில் தொடங்கிய ‘குழந்தைகள் உணவுச்சாலை’, பின்னர் நாடெங்கும் அக்கம்பக்கத்தார் முயற்சியாகப் பரவியது. தாமே விரும்பித் தனித்து உண்பவர்க்கு மரியாதை, கேட்பாரின்றித் தனித்து உண்பவர்க்குத் துணை: இவ்விரண்டும் வேறு வேறு என்பதை அவர்கள் தெரிந்து வைத்துள்ளனர்.

கரமனைக்குத் திரும்பியதும் நம் சமையலறையே நமக்குப் பாடம் புகட்டியது. இல்லாள் மறைந்தபின், அடுப்பருகே நின்றபடியே பாத்திரத்திலிருந்து நேராக அள்ளி உண்ணும் பழக்கம் நமக்கு வந்திருந்தது. ‘ஒருவனுக்காகத் தட்டு எதற்கு, இலை எதற்கு?’ என்பது நாம் சொல்லிக்கொண்ட நியாயம். முன்பின் அறியாத ஒருவர் டோக்கியோவில் நமக்குத் தந்த மரியாதையை, நம் வீட்டில் நாமே நமக்குத் தரவில்லை!

இது நம் ஒருவர் குறையன்று. 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் அறுபது வயது கடந்தோர் கேரளத்தில் நூற்றுக்கு 12.6, இந்திய மாநிலங்களுள் அதுவே மிகுதி. நம் தெருவிலும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, ஒருவரே விளக்கேற்றும் வீடுகள் பல. அவற்றுள் ஒன்றில் வாழும் மாமி ஒருவர், ‘ஒருத்திக்காக உலை வைப்பதா?’ என்று மூன்று வேளையும் மோர்சாதத்தோடு நிறுத்திக்கொண்டார். ஒருநாள் காலை வாசல் தெளிக்க வந்தவர் மயங்கி விழுந்தார். நோய் ஒன்றுமில்லை, போதிய உணவில்லாமையே காரணம் என்றார் மருத்துவர். பணத்திற்குக் குறைவில்லாத வீடு. நாள்தோறும் மகளிடமிருந்து தொலைபேசி வரும் வீடு. ‘சாப்பிட்டாயா அம்மா?’ என்று மகள் கேட்பதும், ‘ஆயிற்று’ என்று தாய் விடையிறுப்பதும் ஒருநாளும் தவறியதில்லை. அடுத்த வீட்டில் இருந்தும் நாமும் அறியவில்லை. நாணத்துடன் இதனை எழுதுகின்றோம்.

ஆகவே அன்பர்களுக்கு மூன்று வேண்டுகோள். தனித்து வாழ்வோர், தமக்கென்று ஒருவேளையேனும் இலையிட்டு, அமர்ந்து, ஒரு காயோடு உண்க. அயலில் வாழ்வோர், வாரத்தில் ஒருநாள் அவர்களைத் தம் வீட்டு இலைக்கு அழைக்க. இரக்கத்தால் அன்று, விருந்தினராக. தொலைவில் உள்ள பிள்ளைகள், ‘சாப்பிட்டாயா?’ என்று வினவாது, ‘இன்று என்ன சமைத்தாய்?’ என்று வினவுக. பின்னதற்கு ‘ஆயிற்று’ என்று விடை கூற முடியாது.

டோக்கியோ நம்மினும் மூன்றரை மணி முந்தியது. இங்கே இரவு ஏழரைக்கு நாம் இலை போடும்போது அங்கே மணி பதினொன்று. வேலை முடிந்து மகன் அந்நேரத்தில் ஏதேனும் ஒரு கடையில் தனியே கிண்ணத்தின் முன் அமர்ந்திருப்பதுண்டு. முன்பெல்லாம் அதனை நினைத்து வருந்துவோம். இப்பொழுது வருந்துவதில்லை. ‘இன்றைக்கு என்ன கறி?’ என்று அவன் கேட்கின்றான். விடை சொல்வதற்காகவேனும் நாம் ஒரு கறி வைக்கின்றோம். அடுத்த வீட்டு மாமியார் வெள்ளிக்கிழமைதோறும் நம் வீட்டிற்கு உண்ண வருகின்றார்; நம் சாம்பாரில் புளி மிகுதி என்று குறை கூறவும் தொடங்கிவிட்டார்.