குட்டிப் பிள்ளைகள் அறைக்கு ஃபிளெக்ஸ் வேண்டாம், துணி போதும்!



நம் பள்ளியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு அறை ஒதுக்கியிருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்த அறையின் பெரிய சுவரை அழகுபடுத்த மாணவர் மன்றம் 1500 ரூபாய் தந்திருக்கிறது. அதை எப்படிச் செலவு செய்வது என்று வருகிற வெள்ளிக்கிழமை கூட்டத்தில் முடிவு செய்யப் போகிறார்கள். பாதிப் பேருக்கு மேல் "ஃபிளெக்ஸ் அடிச்சு மாட்டிடலாம்ப்பா" என்கிறார்கள். கார்ட்டூன் படம், பளபளப்பு, ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். எனக்கு அதில் சம்மதம் இல்லை. அந்தச் சுவருக்கு வண்ணத் துணிதான் ஏற்றது என்பது என் கருத்து.

முதலில் ஒரு கேள்வி. அந்தச் சுவர் யாருக்காக? ஆண்டு விழாவுக்கு வரும் விருந்தினர் வாசலில் நின்று பார்ப்பதற்காக என்றால் ஃபிளெக்ஸே போதும். ஆனால் தினமும் அந்த அறையில் இருக்கப் போவது நாலு வயசு, அஞ்சு வயசுப் பிள்ளைகள். அவர்கள் சுவரைத் தூர நின்று ரசிக்க மாட்டார்கள். கிட்டப் போய்த் தடவுவார்கள், நகத்தால் சுரண்டுவார்கள், பிடித்து இழுப்பார்கள். ஃபிளெக்ஸ் என்பது பி.வி.சி. பிளாஸ்டிக் பூசிய ஷீட். யானையைத் தொட்டாலும் பூவைத் தொட்டாலும் ஒரே வழவழப்புதான். துணி அப்படி இல்லை. கார்டுராய் வரிவரியாக இருக்கும், வெல்வெட் மெத்து மெத்தென்று இருக்கும், சாக்குத் துணி சொரசொரக்கும், பட்டு வழுக்கும். ஒரே சுவரில் இத்தனையும் விரலுக்குக் கிடைக்கும்.

இது நானாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. இத்தாலி நாட்டுக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் உள்ள பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். இரண்டாம் உலகப் போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார். நம் நாவலூரிலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேரக்கூடிய தூரம்தான் அடையாறு. அவருடைய முறையில் ஒரு துணிப் பெட்டி உண்டு. அதில் ஒவ்வொரு வகைத் துணியிலும் இரண்டிரண்டு துண்டுகள் இருக்கும். பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டு, தொட்டுப் பார்த்தே ஜோடி சேர்க்க வேண்டும். இன்னொன்று, சட்டத்தில் பூட்டிய துணியில் பட்டன் போடுவது, நாடா கட்டுவது. எழுதப் பழகும் முன்பே விரல் பழக வேண்டும் என்பதற்காக அப்படி. உலகம் முழுக்க மாண்டிசோரி பள்ளிகளில் இன்றும் இதைப் பார்க்கலாம். அதே வேலையை நம் சுவர் செய்யட்டும் என்கிறேன்.

"பிட் துணியை ஒட்டுப் போட்டு மாட்டினா பிச்சைக்காரத்தனமா இருக்காதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். அவருக்கு என் பதில் இதுதான். தேர்த் திருவிழாவில் தேரைச் சுற்றி உருளை உருளையாகத் தொங்குகிறதே, அதன் பெயர் தொம்பை. சிவப்பு, மஞ்சள், வெள்ளை, பச்சை என்று துணியைப் பூவாகவும் யாளியாகவும் வெட்டி, இன்னொரு துணிமேல் வைத்துத் தைப்பதுதான் அந்த வேலை. கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் இதைப் பரம்பரையாகச் செய்கிறார்கள். சாமி வரும் தேருக்கே ஒட்டுத்துணி அழகு என்றால், நம் பிள்ளைகள் அறைக்கு அது எப்படிக் குறைச்சலாகும்?

இப்போது செலவுக் கணக்குக்கு வருகிறேன். சுவர் 12 அடி அகலம், 8 அடி உயரம். முழுச் சுவருக்கும் ஃபிளெக்ஸ் அடித்துச் சட்டம் போட்டால் 1500 ரூபாயும் அதற்கே சரியாகிவிடும் என்று விசாரித்தவர்களே சொன்னார்கள். ஆனால் குட்டிப் பிள்ளைகளின் கை 8 அடிக்கு எட்டுமா? அவர்களுக்கு எட்டுகிற 3 அடி உயரப் பட்டை இருந்தால் போதும். கணக்கு இதோ:

அடித்துணிக்கு 36 அங்குல அகலக் காடா துணி 4 மீட்டர், நான் கேட்ட கடையில் மீட்டர் 90 ரூபாய் வீதம் 360 ரூபாய்.
திரை மாட்டும் கம்பி, கிளாம்பு, ஸ்க்ரூ 400 ரூபாய்.
ஊசி, நூல் 100 ரூபாய்.
பெரிய பட்டன், ஜிப், நாடா 140 ரூபாய்.
மொத்தம் 1000 ரூபாய்.

வண்ணத் துணிக்குச் செலவே கிடையாது. எந்தத் தையல் கடையிலும் மிஷினுக்குக் கீழே பிட் துணி குவிந்து கிடக்கும். "அண்ணா, ஸ்கூலுக்கு வேணும்"னு கேட்டால் ஒரு பை நிறையத் தருவார்கள். வீட்டில் சின்னதாகிப்போன பாவாடை, கிழிந்த சட்டை, அம்மாவின் பழைய ரவிக்கைத் துணி எல்லாம் ஆகும். மீதி 500 ரூபாய்க்குக் கதைப் புத்தகம் வாங்கலாம்.

"யார் தைக்கிறது? எங்களுக்கு டெஸ்ட் இருக்கு" என்பது அடுத்த கேள்வி. நியாயம்தான். 12 அடிக்கு 3 அடி என்றால் ஓரடிச் சதுரங்கள் 36 கிடைக்கும். ஒரு சதுரத்தை இரண்டு பேர் எடுத்துக்கொண்டால் 72 பேர் வேலை. யாருக்கும் ஒரு சனிக்கிழமைக்கு மேல் ஆகாது. 36 சதுரத்தில் என்னென்ன வரலாம் என்றும் யோசித்து வைத்திருக்கிறேன். 12 சதுரத்தில் அ முதல் ஔ வரை உயிரெழுத்துகள், சொரசொரப்பான துணியில் வெட்டித் தைத்தவை. பிள்ளை எழுத்தின்மேல் விரலை ஓட்டிப் பார்க்கலாம். அடுத்த 10 சதுரத்தில் 1 முதல் 10 வரை எண்கள், எண்ணுக்கு ஏற்ற அளவு பட்டன்கள். மீதி 14 சதுரத்தில் நம்ம ஊர் வரட்டும். பனைமரம், முட்டுக்காட்டுப் படகு, கோவளத்து மீன், திறந்து மூடும் ஜிப் வைத்த பஸ் கதவு, கை விட்டுப் பார்க்கப் பாக்கெட், ஜோடி சேர்க்கத் துணித் துண்டுகள். டி.வி.யில் வரும் கார்ட்டூனை அவர்கள் வீட்டிலேயே பார்க்கிறார்கள். பள்ளிச் சுவரில் பனைமரத்தைப் பார்க்கட்டுமே!

பசங்களுக்கு ஒரு வார்த்தை. தைப்பது பொண்ணுங்க வேலை என்று ஒதுங்காதீர்கள். உங்கள் பேண்ட்டைத் தைத்துத் தந்தது பெரும்பாலும் ஒரு டெய்லர் அண்ணனாகத்தான் இருக்கும். பட்டன் அறுந்தால் தானே தைத்துக்கொள்ளத் தெரிவது எல்லோருக்கும் நல்லது.

துணியில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. துணி தூசி சேர்க்கும். இழுப்பு, தும்மல் உள்ள பிள்ளைகளுக்கு அது ஆகாது. அதனால்தான் ஆணி அடிக்காமல், பசை போடாமல், கம்பியில் கோத்து மாட்டச் சொல்கிறேன். மாதம் ஒருமுறை கழற்றித் துவைத்து வெயிலில் காயப்போடலாம். "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது சுவருக்கும் பொருந்தும். மழைக்காலத்திலும் இது வசதி. 2015 டிசம்பர் மழையிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நம் ஓ.எம்.ஆர். பக்கம் தண்ணீர் நின்றதை மறக்க முடியுமா? சுவர் ஈரம் காத்தால் துணியைச் சுருட்டி பீரோவில் வைத்துவிடலாம். ஒட்டிய ஷீட்டைப் பிய்த்தால் அதோடு பெயிண்ட்டும் பெயர்ந்து வரும்.

இரண்டாவது குறை நெருப்பு. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல் கூரையில் பிடித்த தீ வகுப்பறைக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்துபோனார்கள். எனவே துணி மாட்டினால் சில விதிகள் வேண்டும். ஸ்விட்ச் போர்டு, ஒயர் இருக்கும் பக்கம் துணி வரக்கூடாது. கதவையோ ஜன்னலையோ மறைக்கக் கூடாது. மேலிருந்து தோரணமாகத் தொங்கவிடக் கூடாது. அந்த அறையில் விளக்கேற்றுவது, கேக் மெழுகுவத்தி எதுவும் கூடாது. நைலான், பாலியஸ்டர் துணி உருகித் தோலில் ஒட்டும் என்பதால் கூடிய மட்டும் பருத்தியே இருக்கட்டும். பருத்தியும் எரியும் என்பதையும் மறக்கக் கூடாது. ஃபிளெக்ஸும் தீப்பிடிக்கும் பொருள்தான், அதுவும் சுவர் முழுக்க. நான் சொல்வது 3 அடிப் பட்டை மட்டும். மாட்டிய பிறகு தலைமையாசிரியர் ஒருமுறை பார்த்து அனுமதி தர வேண்டும். பட்டன்களை இரட்டை நூலில் இறுக்கித் தைத்து, வாரம் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். கழன்றது குழந்தையின் வாய்க்குத்தான் போகும்.

ஃபிளெக்ஸைவிட இதில் வேலை அதிகம் என்பது உண்மை. ஆனால் ஃபிளெக்ஸில் ஒரு மூலை கிழிந்தால் முழுசும் குப்பை. துணியில் ஒரு சதுரம் கிழிந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். அடுத்த வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு வருகிறவர்கள் புதுச் சதுரம் சேர்க்கலாம். யு.கே.ஜி. படிக்கும் தங்கை, "இந்தப் பஸ் எங்க அண்ணன் தச்சது" என்று தொட்டுக் காட்டுவாள். கடையில் அடித்து வந்த படத்தில் அப்படிச் சொல்ல என்ன இருக்கிறது?

ஆகவே மன்ற உறுப்பினர்களே, வெள்ளிக்கிழமை கை தூக்கும் முன் அந்த அறைக்கு ஒருமுறை போய், முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு குழந்தையின் உயரத்திலிருந்து அந்தச் சுவரைப் பாருங்கள். பிறகு முடிவு செய்யுங்கள். என் கருத்தை மறுப்பவர்கள் அடுத்த இதழில் தாராளமாக எழுதலாம், படிக்கக் காத்திருக்கிறேன். ஒத்துக்கொள்கிறவர்கள் வீட்டில் கிடக்கும் பருத்தித் துணியைத் துவைத்துக் காயவைத்து எடுத்து வாருங்கள். ஊசி பிடிக்கத் தெரியாதவர்களும் வாங்க, கத்துக்கலாம்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி,
நாவலூர்.