மாண்டிசோரி வெறும் பெயர்ப்பலகை இல்லை



விஜயதசமி நெருங்கினால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான்: "டீச்சர், பிள்ளைக்கு மூணு வயசு. மாண்டிசோரி ஸ்கூல்ல போடலாமா?" தனித்தனியாகச் சொல்வதை இங்கே எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்.

அந்தப் பெயரை எந்தப் பள்ளியும் வாசலில் எழுதிக்கொள்ளலாம். உள்ளே மூன்று வயதுப் பிள்ளை பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தால் அது மாண்டிசோரி இல்லை.

மரியா மாண்டிசோரி இத்தாலிய மருத்துவர். 1907 ஜனவரியில், ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குப் போனபின் கவனிக்க ஆளில்லாத பிள்ளைகளுக்காக. நம்மூர்க் கணக்கில், நடவுக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகளுக்கான பள்ளி. 1939இல் பிரம்மஞான சபை அழைத்து அடையாறுக்கு வந்தார். முதல் பயிற்சியிலேயே 300 பேருக்கு மேல் படித்தார்கள். போர் காரணமாகத் திரும்ப முடியாமல் கொடைக்கானலிலும் தங்கி, 1946 வரை இந்தியாவில் இருந்தார். அப்படிப்பட்ட கல்வி இன்று வசதியுள்ளவர்களுக்கு என்று ஆகிவிட்டதுதான் என் வருத்தம்.

அந்த முறையில் முதலில் பழகுவது கை. தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது, துடைப்பது. மரக்கட்டையில் பல அளவுக் குழிகள், அவற்றுக்கான உருளைகள். ஒன்றை மாற்றிப் போட்டால் கடைசி உருளை பொருந்தாது. டீச்சர் சொல்லாமலே பிள்ளை தானே திருத்திக்கொள்ளும். எழுத்தை உப்புத்தாளில் வெட்டி ஒட்டி, விரலால் தடவச் செய்வார்கள். பென்சில் பிறகுதான். நாமும் விஜயதசமியன்று நெல்லில் விரல் பிடித்து எழுத வைக்கிறோம். மறுநாளே பென்சிலைத் திணித்துவிடுகிறோமே, அதுதான் தப்பு.

வீட்டில் பழைய ஆழாக்கும் உழக்கும் கிடந்தால் எடுத்துக் கொடுங்கள். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு என்பதைப் பிள்ளை நெல்லை அளந்தே கண்டுபிடிக்கும். பக்கத்தில் மட்டும் இருங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

2019 ஜனவரியில் நம் அரசு, நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியது. மாண்டிசோரி முறை வேர்விட வேண்டிய இடம் அதுதான் என்பது என் கருத்து. "அங்கன்வாடியில் இங்கிலீஷ் வராதே" என்பீர்கள். மூன்று வயதில் தாய்மொழியில் வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளைக்கு இன்னொரு மொழி பின்னால் வரும். அங்கே உண்மையான குறை, நிலையான, பயிற்சி பெற்ற ஆசிரியர் போதாததுதான். பொருள் வாங்கிப் பூட்டி வைத்தால் பயனில்லை.

தனியார் பள்ளியில் சேர்ப்பவர்கள் மூன்று கேள்வி கேளுங்கள். ஆசிரியர் எங்கே பயிற்சி பெற்றார்? மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாக இருக்கிறார்களா? இடையில் மணி அடிக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் பிள்ளை விரும்பிய வேலையைச் செய்ய விடுகிறீர்களா? பதில் மழுப்பலாக இருந்தால் பணத்தைக் கட்டாதீர்கள்.

என்னிடம் படித்தவர்களில் சிலர் இன்று ஆசிரியர்கள், சிலர் ஊராட்சியில் பொறுப்பில் இருக்கிறீர்கள். உங்கள் ஊர் அங்கன்வாடிக்கு ஒருநாள் போய் உட்கார்ந்து பாருங்கள். என்ன குறை என்று கிராம சபையில் எழுந்து கேளுங்கள்.

பிள்ளைகளை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.