சுவாமிமலை வார்ப்புப் பட்டறைகளுக்குப் பயிலுநர் உதவித்தொகை வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்: உலோகச் சிற்பக் கைவினைஞர் சங்கத்தினர், சுவாமிமலை, தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்: அரசுச் செயலாளர் அவர்கள், கைத்தறி, கைத்திறன், துணிநூல் மற்றும் கதர்த் துறை, தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: உலோகச் சிற்பத் தொழிலில் தேர்ந்த ஆள் பற்றாக்குறை – உதவித்தொகை உள்ளிட்டவை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர்,

எங்கள் ஊர்ப் படிமங்களுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. வெளிநாட்டிலிருந்தும் ஆர்டர் வருகிறது. சொன்ன நாளில் முடித்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

உற்பத்தித் திறன் பற்றிய கூட்டங்களில் புதிய உலை, புதிய இயந்திரம் என்றே பேச்சு போகிறது. உலையில் எங்களுக்குத் தாமதம் இல்லை. மண் அச்சைச் சுட்டு, மெழுகை வடித்து, உலோகம் ஊற்றும் வேலை வழக்கமாக ஒரு நாளில் முடிந்துவிடும். அச்சை உடைத்த பிறகு உளியும் அரமும் பிடித்துச் செய்யும் செதுக்கு வேலைக்குத்தான் வாரங்கள், பெரிய சிலை என்றால் மாதங்கள் போகின்றன. ஓர் அச்சில் ஒரு சிலைதான். வார்ப்பு பிசகினால் மறுபடி மெழுகிலிருந்தே தொடங்க வேண்டும். முகத்தையும் விரலையும் நம்பி ஒப்படைக்கும் அளவுக்கு ஒருவருக்குக் கை பழகப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஓலையை மடித்துச் சிலையின் அளவு விகிதமான தாலமானம் பிரிக்கக் கற்பதும் அந்த ஆண்டுகளில்தான்.

அதுவரை அவர் வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே. தொடக்கத்தில் பட்டறை தருவது கைச்செலவுக்கே காணாது. உணவு விநியோகத்துக்குப் போனால் உடனே காசு. சொந்தப் பிள்ளைகளை இதில் விட எங்களில் பலரே தயங்குகிறோம் என்பதை மறைப்பதற்கில்லை.

கலைஞர் கைவினைத் திட்டத்தில் ரூ.3 லட்சம் வரை கடனும் 25 விழுக்காடு மானியமும் கிடைப்பதை நன்றியுடன் ஏற்கிறோம். ஆனால் அது 35 வயது நிரம்பியவர்களுக்கு. நாங்கள் தேடும் ஆளுக்கு வயது 18. அவருக்கு வேண்டியது கடனும் அன்று. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் வழியே போகலாமென்றால், குறைந்தது 4 பேர் வேலை செய்யும் நிறுவனமாக இருக்க வேண்டும். அப்பா, பிள்ளை, ஓர் உதவியாள் என்று நடக்கும் பட்டறை அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

ஆகவே, பட்டறையில் கற்கும் 18 வயது நிரம்பியவர்களுக்கு மூன்றாண்டுகள் மாத உதவித்தொகையை அவர்களின் வங்கிக் கணக்கிலேயே செலுத்த வேண்டுகிறோம். கற்றுத்தரும் ஸ்தபதிக்கும் மதிப்பூதியம் வேண்டும். பாடம் சொல்லும் நேரத்தில் அவருடைய சொந்த வேலை நின்றுவிடுகிறது. தொழிற்பழகுநர் சட்டத்தின் வரம்புக்குள் வரும்படி சிறு பட்டறைகளைச் சேர்த்து ஒரே அலகாகப் பதிய ஒன்றிய அரசை வலியுறுத்த வேண்டும்.

மாமல்லபுரத்தில் 1957 முதல் இயங்கும் அரசு சிற்பக் கல்லூரியின் உலோகச் சிற்ப மாணவர்கள் ஒரு பருவமேனும் எங்களிடம் வேலை பழகலாம். பட்டறையில் கற்றவர்களுக்கு அக்கல்லூரி செய்முறைத் தேர்வு வைத்துச் சான்று வழங்கலாம். தேர்வாளர்களில் ஸ்தபதிகள் இருக்க வேண்டும். கொள்குறி வினாத்தாளை வைத்து மெழுகின் பதம் பார்க்க முடியாது.

அச்சின் முதல் பூச்சுக்கான காவிரி வண்டலைச் சிறு அளவில் எடுக்க ஆண்டு அனுமதி கிடைக்கவும் ஆவன செய்ய வேண்டும்.

இவற்றுள் உதவித்தொகையை முதலில் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். எங்கள் நிர்வாகிகள் நேரில் வந்து விளக்கத் தயார். துறை அலுவலர்கள் செதுக்கு வேலை நடக்கும் நாளில் பட்டறைக்கு வந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள் மற்றும் உறுப்பினர்கள்