தளம் ஒழுகினால் யார் பொறுப்பு?

வெளியே மழை பெய்கிறது. வீட்டுக்குள்ளும் மழை பெய்கிறது!

கட்டில் ஒரு மூலைக்குப் போகிறது. அண்டாவும் குண்டானும் கூடத்துக்கு வருகின்றன. தளம் போட்டு ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. மேஸ்திரியைக் கூப்பிட்டால், "அடுத்த வாரம் வந்து பார்க்கிறேன் சார்" என்கிறார். அந்த அடுத்த வாரம் வருவதே இல்லை.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இதே காட்சிதான். ஒழுகும் தளம் மட்டும் அல்ல. மூடாத ஜன்னல், உதிரும் பூச்சு, தண்ணீர் வடியாத குளியல் அறை, கசியும் குழாய் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். நகையை அடகு வைத்துச் செய்த வேலை பாழாகி விட்டால், குடும்பம் என்ன செய்வது? "நம் தலையெழுத்து" என்று சும்மா இருப்பதா?

இருக்க வேண்டியதில்லை. சட்டம் வீட்டுக்காரர் பக்கம் நிற்கிறது. ஆனால் சட்டம் இரண்டைக் கேட்கிறது. ஒன்று, எழுத்தில் அத்தாட்சி. மற்றொன்று, காலம் தவறாமை.

வேலையும் ஒரு 'சேவை'

கடையில் வாங்கிய பொருள் கெட்டுப் போனால் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியும். காசு கொடுத்துச் செய்வித்த வேலை கெட்டுப் போனாலும் அப்படியே கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1993-ல் 'வீடு கட்டுதல்' என்பதும் ஒரு சேவை என்று அந்தச் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், லக்னோ நகர வளர்ச்சிக் குழுமத்தின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு முக்கியமான ஒரு தீர்ப்பைச் சொன்னது. வீடு கட்டித் தருவது சேவையே. அதில் குறை வைத்தால், செய்தது அரசாங்க அமைப்பே ஆனாலும் பதில் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம்.

பழைய சட்டத்தின் இடத்துக்கு 2019-ல் புதிய சட்டம் வந்தது. 2020 ஜூலை 20 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதிலும் வீடு கட்டுதல் சேவையாகவே இருக்கிறது.

சில விலக்குகளும் உண்டு. இலவசமாகச் செய்த வேலைக்கு இந்தச் சட்டம் வராது. வியாபார லாபத்துக்காகச் செய்வித்த வேலையும் பொதுவாக இதில் சேராது. எஜமானன் சொன்னபடி செய்யும் வேலையாளுக்கும் இது பொருந்தாது. ஆகவே, வேலையை மொத்தமாக ஒப்புக்கொண்ட காண்டிராக்டர் மீது புகார் சொல்வது எளிது. நாள் கூலிக்கு ஆள் வைத்து, கூடவே நின்று வேலை வாங்கியவருக்கு அது சிக்கல்.

எங்கே போவது?

ஒவ்வொரு மாவட்டத்துக்கும் நுகர்வோர் குறைதீர் ஆணையம் உண்டு. வேலைக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கேயே மனுக் கொடுக்கலாம். காண்டிராக்டர் வெளியூரில் இருந்தாலும் கவலை இல்லை. வீட்டுக்காரர் குடியிருக்கும் ஊருக்கு உரிய ஆணையத்திலேயே புகார் செய்யலாம்.

கட்டணம் எவ்வளவு? கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் ஒரு காசும் இல்லை! வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மனுதாரர் தாமே நின்று பேசலாம்.

குறை மெய்ப்பட்டால், பழுதைச் சரி செய்து கொடுக்கவும், பணத்தைத் திருப்பித் தரவும், நஷ்டஈடும் செலவும் கொடுக்கவும் ஆணையம் உத்தரவு போடலாம். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 25 ஆயிரம் முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

மனுவுக்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து யோசனை கேட்கலாம். அதற்கும் கட்டணம் இல்லை.

மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில், வழக்கை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் பல வழக்குகள் அதையும் தாண்டி இழுக்கின்றன. பொறுமையும் வேண்டும்.

இரண்டு மழை போனால்...

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வழக்குக்குக் காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதை நம்பி இருக்க முடியாது.

முதல் மழையில் ஒழுகுகிறது. "வெயில் வரட்டும், பார்க்கலாம்" என்கிறார் மேஸ்திரி. வெயில் வருகிறது, ஒழுகல் நிற்கிறது, பேச்சும் நிற்கிறது. அடுத்த மழையில் மறுபடி ஒழுகுகிறது. ஒரு வாளி சிமெண்டுப் பாலை ஊற்றிவிட்டுப் போகிறார். மூன்றாவது மழையில் வீட்டுக்காரருக்குக் கோபம் வருகிறது. ஆனால் கெடு போய்விட்டது!

ஆகவே முதல் ஒழுகலிலேயே தேதியோடு போட்டோ எடுக்க வேண்டும். குறையைக் குறிப்பிட்டு, இத்தனை நாளில் சரி செய்யுங்கள் என்று விரைவுத் தபாலில் கடிதம் அனுப்ப வேண்டும். வேறு ஆளை வைத்துப் பழுது பார்ப்பதற்கு முன்பு, கட்டிடம் தெரிந்த என்ஜினீயரைக் கூட்டி வந்து காட்டி, எழுத்தில் அறிக்கை வாங்க வேண்டும். தளத்தை உடைத்துப் போட்ட பிறகு, பழைய வேலை கெட்டது என்று எப்படி நிரூபிப்பது?

இரு தரப்புக்கும் நியாயம்

எல்லாக் குற்றமும் வேலைக்காரர் தலையில் விழுவது நியாயம் அல்ல. மட்டமான சிமெண்டை வாங்கிப் போட்டவர் வீட்டுக்காரராகவும் இருக்கலாம். கான்கிரீட்டுக்கு ஏழு நாளாவது, கலப்புச் சிமெண்டு என்றால் பத்து நாளாவது ஈரம் காயாமல் தண்ணீர் விட வேண்டும். அதை வீட்டுக்காரர் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, மூன்றாம் நாளே நிறுத்தி இருந்தால், வெடிப்புக்கு மேஸ்திரி என்ன செய்வார்? "சரக்கு யார் வாங்கியது? தண்ணீர் யார் விட்டது?" என்ற கேள்விகள் விசாரணையில் வரத்தான் செய்யும்.

நாணயமான தொழிலாளிக்கும் எழுத்து ஒப்பந்தமே காவல். "இதையும் சேர்த்துச் செய்வதாகச் சொன்னாயே" என்று கூலியைப் பிடித்தம் செய்கிற வீட்டுக்காரரிடமிருந்து அவரைக் காப்பாற்றுவதும் அதுதான்.

வேலை தொடங்கும் முன்...

பெரிய பத்திரம் வேண்டாம். ஒரு தாள் போதும். என்ன வேலை, என்ன சரக்கு, கலவை எத்தனைக்கு எத்தனை, எந்தத் தேதிக்குள் முடியும், மொத்தம் எவ்வளவு, ஒழுகினால் எத்தனை காலம் வரை இலவசமாகச் சரி செய்வது என்று எழுத வேண்டும். காண்டிராக்டரின் பெயர், விலாசம், இருவர் கையெழுத்து கட்டாயம். விலாசம் இல்லாதவருக்கு நோட்டீசு எங்கே அனுப்புவது?

பணத்தை வேலைக்குத் தகுந்தபடி தவணையாகக் கொடுப்பது நல்லது. ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்க வேண்டும். செய்த சேவைக்கு விதிப்படி ரசீது தர மறுப்பதையே முறையற்ற வணிகம் என்று சட்டம் சொல்கிறது.

அரசாங்கக் கட்டிட வேலைகளில் ஒரு பகுதித் தொகையை நிறுத்தி வைத்து, குறித்த காலம் கழிந்த பிறகு கொடுப்பது வழக்கம். வீட்டு வேலைக்கும் அது ஏற்றதே. முதல் மழை பார்த்த பிறகு கடைசித் தவணை என்று இருவரும் பேசி முன்பே எழுதிக்கொண்டால், மேஸ்திரியைத் தேடி அலைய வேண்டாம். மழை வந்ததும் அவரே தளத்தைப் பார்க்க வருவார்.

"தெரிந்த மனிதர், அவரிடம் போய் எப்படி எழுதி வாங்குவது?" என்று கூச்சப்படுகிறவர்கள் உண்டு. சுவர் நேராக நிற்கத் தூக்குக் குண்டு பிடிக்கிறார் கொத்தனார். அதற்காகச் சுவர் கோபித்துக்கொள்வதில்லை. கொடுத்த வாக்கு நேராக நிற்க ஒரு தாள் வேண்டும். அதைக் கேட்பதில் வெட்கம் என்ன?