தாங்கல்னு பேர் வச்ச ஊர்ல ஒரு 'டூல்கிட்' பத்திப் பேசலாமா?



ஒரு சின்னக் கேள்வி. நம்ம ஐயப்பன்தாங்கல்ல "தாங்கல்"னா என்ன?

சின்ன ஏரி. மழைத்தண்ணியைத் தேக்கி வயலுக்குப் பாய்ச்ச முன்னோர் அமைச்சது. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் பேர்ல இருக்கிறதும் அதேதான். ஊர் பேர்லயே ஏரி இருக்கு. ஆனா பெருமழை வந்தா, தண்ணி போக இடமில்லாம நம்ம தெருவுக்குள்ள வருது.

அந்தத் தண்ணி எல்லாரையும் ஒரே மாதிரி அடிக்கிறதில்ல. 2015 டிசம்பர்ல நான் ஸ்கூல் பையன். மூணாவது மாடியில இருந்தவங்களுக்கு ரெண்டு மூணு நாள் கரண்ட் இல்ல, கார் முழுகினா இன்சூரன்ஸ் இருந்தது. தரைத்தளத்துல வாடகைக்கு இருந்தவங்களுக்கு மெத்தை, ஃபிரிட்ஜ், புள்ளைங்க சர்டிஃபிகேட் எல்லாம் போச்சு. தள்ளுவண்டியில இட்லி விக்கிற அக்காவுக்குப் போன கிரைண்டருக்கு யார் இன்சூரன்ஸ் கொடுப்பாங்க? பூமியைச் சூடாக்கினதுல அவங்க பங்கு ரொம்பக் கம்மி. அடி மட்டும் அவங்களுக்கு முதல்ல. "காலநிலை நீதி"ன்னு உலக மாநாடுகள்ல பேசுறது இதைத்தான்.

சரி, இதுல நம்ம வயசுப் பசங்க என்ன செய்ய முடியும்? பக்கத்து மாநிலத்துல ஒரு பொண்ணு செஞ்சதைப் பார்ப்போம்.

திஷா ரவி. பெங்களூரு. கிரெட்டா துன்பெர்க் தொடங்கின 'ஃப்ரைடேஸ் ஃபார் ஃப்யூச்சர்' இயக்கத்தை இந்தியாவுல கட்டினவங்கள்ல ஒருத்தர்.

2020 மார்ச்சில், நாடே ஊரடங்குக்குள்ள போற நேரத்துல, ஒன்றிய அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையைக் கொண்டுவந்தது. அனுமதி வாங்காமலே தொடங்கிய திட்டத்துக்குப் பிறகு அனுமதி வாங்கிக்கலாம். மக்கள் கருத்து சொல்லும் அவகாசம் 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறையும். இதையெல்லாம் படிச்சுப் பார்க்க, வரைவு நம்ம மொழியில கிடையாது. 22 மொழிகளில் வெளியிடணும்னு டெல்லி உயர்நீதிமன்றம் 2020 ஜூன் 30-ல் சொல்ல வேண்டியிருந்தது.

அப்போ இளைஞர்கள் என்ன செஞ்சாங்க? வரைவைப் படிச்சாங்க. எளிய மொழியில வீடியோ போட்டாங்க. ஆட்சேபணைக் கடிதம் தயார் பண்ணி, "உங்க பேர் போட்டு அனுப்புங்க"ன்னு கேட்டாங்க. அமைச்சகத்துக்கு லட்சக்கணக்கில் மெயில் குவிஞ்சது. ஃப்ரைடேஸ் ஃபார் ஃப்யூச்சர் இணையதளம் முடக்கப்பட்டது. பயங்கரவாதத் தடுப்புக்கான உபா சட்டத்தைச் சுட்டி டெல்லி போலீஸ் நோட்டீஸ் அனுப்பி, பிறகு "தவறுதலா அனுப்பிட்டோம்"னு திரும்ப வாங்கினாங்க. மெயில் அனுப்பினதுக்கு உபா!

அடுத்த வருஷம் விவசாயிகள் போராட்டம். ஆதரவாளர்கள் என்ன பகிரலாம், யாரை டேக் பண்ணலாம்னு சொல்ற ஒரு கூகுள் டாக்குமென்ட். அதைத் திருத்தினார்னு சொல்லி 2021 பிப்ரவரி 13-ல் திஷாவைக் கைது பண்ணினாங்க. தேசத்துரோக வழக்கு. தோழர்களே, நம்ம ஐடி அணி வாட்ஸ்அப் குரூப்ல தினமும் காலையில வர்றது என்ன? அதுவும் டூல்கிட்தான்.

பிப்ரவரி 23-ல் ஜாமீன் கொடுத்த நீதிபதி தர்மேந்தர் ராணா, ஆதாரம் மிகக் குறைவுன்னு சொன்னதோட, அரசோட கருத்தை ஏத்துக்கலங்கிறதுக்காக மட்டும் யாரையும் சிறையில போட முடியாதுன்னும் எழுதினார்.

ஆனா அந்தப் பத்து நாள் பல வீட்டுக்குள்ள ஒரு பயத்தை விட்டுட்டுப் போச்சு. "உனக்கு ஏம்பா இதெல்லாம்? நாளைக்கு கம்பெனியில வெரிஃபிகேஷன் வந்தா என்ன பண்ணுவ?" எங்க அம்மாவும் கேட்டாங்க. தப்பில்ல, பெத்தவங்க பயம். ஆனா எல்லார் வீட்டுப் பிள்ளையும் ஒதுங்கிட்டா, தாங்கலுக்கு பட்டா போட நினைக்கிறவனுக்கு அது ரொம்ப வசதி. தனியா நின்னா பயம் இருக்கும். நூறு பேர் கையெழுத்துப் போட்டா அது மனு.

அதனால ஸ்டேட்டஸ் வைக்கிறதோட நிறுத்தாம, நாம செய்ய வேண்டியது:

✅ உங்க தெருப் பக்கம் இருக்கிற ஏரி, குளம், கால்வாயோட சர்வே நம்பரைக் கண்டுபிடிங்க. வருவாய்த்துறை இணையதளத்துல 'அ-பதிவேடு' பார்க்கலாம். நீர்நிலைப் புறம்போக்குன்னு இருக்கான்னு பாருங்க.

✅ ஆக்கிரமிப்பு இருந்தா எழுத்துல மனு கொடுங்க, ஒப்புகை வாங்குங்க. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் வந்த தமிழ்நாடு சட்டம் இருக்கு. பதில் வரலைன்னா 10 ரூபாய் கட்டணத்தோட தகவல் அறியும் உரிமை மனு.

✅ ஊராட்சின்னா கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகராட்சி, மாநகராட்சின்னா பகுதி சபை. போங்க, பேசுங்க, பேசினது தீர்மானமா எழுதப்பட்டுச்சான்னு பார்த்துட்டு வாங்க.

இன்னொன்னும் வெளிப்படையா சொல்லிடுறேன். ஆக்கிரமிச்சவர் கார்ல எந்தக் கொடி பறந்தாலும் மனு ஒண்ணுதான். நம்ம கொடியா இருந்தா முதல் கையெழுத்து நம்முடையதா இருக்கணும். இல்லைன்னா அடுத்த மழையில அந்த இட்லிக்கடை அக்கா முகத்தை நாம பார்க்க முடியாது.

சர்வே நம்பர் தேடத் தெரியலையா? கமென்ட்ல உங்க தெருப் பேரைப் போடுங்க. ஐடி அணியில நாங்க சேர்ந்து தேடித் தர்றோம். எங்க இன்ஜினியரிங் படிப்பு இதுக்காவது உதவட்டும்!

அடுத்த சபைக் கூட்டத்துல சந்திப்போம். 💪

#காலநிலைநீதி #ஐயப்பன்தாங்கல் #நம்மஏரிநம்மஉரிமை